மந்தமும் பெயர்வும்: கொழும்பு நகரத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு வினா

1

கொழும்பிலிருந்து கண்டி வீதிவழியே வெளியேறும் ஒருவருக்குக் களனியாற்றைக் கடந்ததும் எதிர்ப்படும் முதல் ஊர் பேலியகொடை. 1822 முதல் ஓடங்களைப் பிணைத்துப் போடப்பட்ட பாலமும், 1895 முதல் விக்டோரியா இரும்புப் பாலமும் இவ்விடத்திலேயே நகரையும் உள்நாட்டையும் இணைத்தன. இரும்புப்பாதை வருமுன்னர் மலைநாட்டுக் கோப்பி இவ்வழியே வண்டிகளில் துறைமுகத்துக்கு வந்தது. அரிசி மூடைகள் இவ்வழியே மலைநாடு சென்றன. பொருள்கள் சென்ற வழியிலேயே மனிதரும் சென்றனர். நகரில் வேலை பெருகிய காலங்களில் ஆற்றைக் கடந்து உள்ளே வந்தனர். வேலை அருகிய காலங்களில் அதே ஆற்றைக் கடந்து வெளியே போயினர்.

பொருளாதார மந்தம் வந்துறும்போது நகரத்தில் இருப்பதா, அதைவிட்டுப் போவதா என்னும் வினா பொதுவாகத் தனிமனிதரின் துணிவையும் சாமர்த்தியத்தையும் பொறுத்த ஒன்றாகவே பேசப்படுகிறது. 2022 ஆம் ஆண்டு இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தி, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற வேளையிலும் அவ்வாறே பேசப்பட்டது. போனவர் கெட்டிக்காரர் என்றனர் சிலர். இருந்தவர் நாட்டுப்பற்றாளர் என்றனர் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளும் வினாவைத் தலைகீழாக வைப்பவை என்பது நமது கருத்து. மந்த காலத்தில் ஒருவர் போவதையும் இருப்பதையும் நிர்ணயிப்பன அவரது கூலி, கடன், குடும்பம் இருக்கும் இடம், சட்டம் அவருக்கு அளித்த அல்லது அளிக்க மறுத்த உரிமை ஆகியனவே. அது மட்டுமன்று. நெருக்கடியில் உழைப்பாளர் எடுத்த முடிவு நெருக்கடியோடு முடிந்துவிடுவதில்லை. அது பின்னர் அவருக்கெதிரான சாட்சியமாக அரசினாற் பயன்படுத்தப்படுகிறது. 1929 க்கும் 1949 க்கும் இடைப்பட்ட காலத்திற் கொழும்பில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரின் அநுபவம் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தமையைத் தொடர்ந்து உலக முதலாளித்துவத்தைப் பீடித்த பெருமந்தம், ஏற்றுமதிப் பயிர்கள் மூன்றையே நம்பியிருந்த இலங்கையை மிக விரைவிலேயே தாக்கியது. றப்பர் விலை 1932 இல் அடிமட்டத்துக்கு வீழ்ந்தது. தேயிலையும் தெங்கும் அதனைத் தொடர்ந்தன. றப்பர்த் தோட்டங்கள் பல பால்வெட்டை நிறுத்தின. தோட்டங்கள் சுருங்கவே துறைமுகத்தில் ஏற்றியிறக்கும் சுமை குறைந்தது. அரசிறை வருவாய் குறைந்தமையாற் பொது வேலைகள் வெட்டப்பட்டன. 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடும் செலவுக் குறைப்பை முன்னிட்டுச் சுருக்கப்பட்டது. அதாவது, மக்கள் எந்நிலையில் உள்ளனர் என்பதை அறிய வேண்டிய வேளையில் அறிவதற்கான கருவியே முதலிற் கைவிடப்பட்டது.

தோட்டத் தொழிலாளரின் நிலைக்கும் நகரத் தொழிலாளரின் நிலைக்கும் இடையேயிருந்த வேறுபாட்டை இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும். தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குறைந்தபட்சக் கூலியொன்றை வகுத்திருந்தது. மந்த காலத்தில் அக்கூலி படிப்படியாகக் குறைக்கப்பட்டது உண்மையே. வேலையிழந்த தோட்டத் தொழிலாளரைப் பொதுச் செலவில் இந்தியாவுக்கு அனுப்பும் ஏற்பாடும் 1930களின் தொடக்கத்திலிருந்தது. இவை உரிமைகள் என்பதிலும் பார்க்கத் தொழிலாளர் சந்தையை ஒழுங்குபடுத்தும் சாதனங்கள் எனலே பொருந்தும். எனினும் நகரத்து நாட்கூலிக்கு இவைதாமும் இல்லை. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர், புறக்கோட்டைக் கிட்டங்கிகளில் மூடை தூக்கிய நாட்டாமிகள், புகையிரதத் திணைக்களத்திலும் பொதுவேலைத் திணைக்களத்திலும் நாட்சம்பளத்தில் இருந்தவர், மாநகரத்தின் குப்பையையும் மலத்தையும் அள்ளியவர் ஆகியோருக்கு இன்று வேலை, நாளை இல்லை என்பதே நிபந்தனை. நகரத் தொழில்களுக்கும் பொருந்தக்கூடிய கூலிச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941 இலேதான் வந்தது.

போவதற்கு மறுகரையில் என்ன இருந்தது? திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை சமஸ்தானத்திலிருந்தும் வந்தவர்களிற் பெரும்பாலோர் நிலமற்றோர், அல்லது கடனில் மூழ்கிய துண்டு நிலத்தினர். பெருமந்தம் சென்னை மாகாணத்தையும் விட்டுவைக்கவில்லை. நெல் விலை வீழ்ந்தபோது குத்தகையாளரும் கூலியாளரும் ஒருசேர நசுங்கினர். மேலும், நகரத் தொழிலாளர் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பிய பணமே அங்குள்ள குடும்பத்தின் கடனுக்கு வட்டியாக இருந்தது. ஆகவே அவர் திரும்பிப் போதல் என்பது ஒரு வாய் கூடுவதும் ஒரு வருமானம் அற்றுப்போவதும் ஆகும். போகும் வழி திறந்திருந்தது. ஆயின் போய்ச் சேரும் இடம் மூடியிருந்தது.

இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மலாயாவில் 1930 முதல் 1932 வரையான காலத்தில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து அதே தசாப்தத்தில் இலட்சக்கணக்கான மெக்சிக்கர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். செழிப்பின்போது உழைப்பை அழைத்துக்கொள்வதும், மந்தத்தின்போது உழைப்பாளரை வெளியே தள்ளி அவரைப் பராமரிக்கும் செலவை அவர் விட்டுவந்த கிராமத்தின் தலையிற் கட்டுவதும் ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தின் இயல்பான நடைமுறைகளாகும்.

3

நகரத்துக்குள் வேலைக்காக நின்றவர் இந்தியத் தொழிலாளர் மட்டுமல்லர். நமது ஆய்வாளர் சிலர் இப்பகுதியை எழுதும்போது ஏ. ஈ. குணசிங்கவின் துரோகம் என ஒரு சொல்லிற் கடந்துவிடுவதுண்டு. துரோகம் நிகழ்ந்தது உண்மை. ஆயின் அதனை வர்க்க நிலையிலிருந்து விளக்காதவிடத்து அது வெறும் ஒழுக்கத் தீர்ப்பாகவே நின்றுவிடும்.

1922 இல் இலங்கைத் தொழிற் சங்கத்தை அமைத்த குணசிங்க, 1923 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தையும் 1927 ஆம் ஆண்டின் துறைமுக வேலைநிறுத்தத்தையும் தலைமைதாங்கி நடத்தியவர். அக்காலத்தில் அவரது சங்கத்தில் சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் முஸ்லிம்களும் ஒருங்கிருந்தனர். தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்து கொழும்பிற் பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர் அச்சங்கத்தின் உபதலைவராக விளங்கினார். 1929 இல் முதலாளிமார் சம்மேளனம் குணசிங்கவுடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கீகாரம் பெற்ற தலைமை, அந்த அங்கீகாரத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு ஆளாயிற்று. அதே வேளையில் மந்தம் வந்தது. முதலாளியிடம் கூலியுயர்வு கேட்டு வெல்லமுடியாத காலத்தில், அருகில் நிற்கும் பிறமொழித் தொழிலாளியின் இடத்தைக் கேட்பது இலகுவாயிற்று. குணசிங்க மலையாளி எதிர்ப்பைத் தமது இயக்கத்தின் மையமாக்கிக்கொண்டார். நடேசய்யர் அவரைப் பிரிந்தார்.

ஆயின் குணசிங்கவின் கூட்டத்தில் நின்ற சிங்களத் தொழிலாளி யார்? றப்பர் வீழ்ச்சியாலும் தெங்கு வீழ்ச்சியாலும் வருமானமற்ற கிராமங்களிலிருந்து நகருக்கு வந்தவரும் அவருள் இருந்தனர். 1934-35 இல் கேகாலை, குருநாகல் பகுதிகளை மையமாகக் கொண்டு பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் காவுகொண்டது. பசியால் நலிந்த உடல்களையே காய்ச்சல் எளிதிற் கொன்றது. ஆகவே சிங்களத் தொழிலாளிக்கும் இருப்பதா, போவதா என்னும் அதே வினா இருந்தது. திரும்பிப் போவதற்கு அவருக்கும் கிராமம் இல்லை. மந்தத்தால் விரட்டப்பட்ட இருவர் ஒரே தொழிற்சாலையின் வாயிலில் எதிரெதிராக நிறுத்தப்பட்டனர். ஒருவர் மற்றவரைத் தமது வறுமைக்குக் காரணமாகக் கண்டார்.

1933 பெப்ருவரியில் வெள்ளவத்தை நெசவாலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இந்த எதிர்நிலையை வெளிப்படையாக்கியது. நாட்டின் மிகப் பெரிய துணியாலையாக விளங்கிய அங்கு தொழிலாளரிற் பெரும்பான்மையோர் இந்திய வம்சாவளியினர். கூலிக் குறைப்பை எதிர்த்து அவர்கள் வேலையை நிறுத்தியபோது, வாலிப முன்னணியைச் சேர்ந்த கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். குணசிங்கவோ வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றதோடு, அவர்களது இடத்துக்குச் சிங்களத் தொழிலாளரைக் கொண்டுவரவும் முயன்றார். பத்தாண்டுகளுக்கு முன் கொழும்பை ஸ்தம்பிக்கச் செய்த தலைவர் கருங்காலிகளின் தலைவரானார். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்த இளைஞர்கள் தொழிற்சங்கப் போராட்டத்தைக் கற்றுக்கொண்ட முதற் பாடசாலை இவ்வாலையே எனலாம்.

நமது வினாவைப் பொறுத்தவரை இவ்வேலைநிறுத்தத்தின் முக்கியத்துவம் வேறொன்று. மந்த காலத்தில் வேலையை நிறுத்துதல் என்பது, நகரத்தில் இருப்பதற்கான உரிமையைக் கோருதல் ஆகும். கூலி குறைந்தாற் போய்விடு என்று முதலாளி கூறினார். போகமாட்டோம், குறைக்கவும் விடமாட்டோம் என்று தொழிலாளர் பதிலளித்தனர். போவதா, இருப்பதா என்று தனித்தனியே கணக்குப் பார்த்தவர்கள் ஒரு சங்கமாகத் திரண்டபோது, எந்நிபந்தனையில் இருப்பது என்பதே வினாவாயிற்று.

4

அந்நியர் வெளியேற வேண்டும் என்னும் கோஷம் இந்தியர் எல்லோரையும் சமமாகத் தாக்கியதா என்று பார்த்தல் பயனுடைத்து.

கொழும்புச் செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஐரோப்பிய வங்கிகளுக்கும் உள்நாட்டுக் கடனாளிக்கும் இடையில் நின்று தோட்டச் சொந்தக்காரருக்கும் வணிகருக்கும் கடன் வழங்கியவர்கள் இவர்கள். மந்தத்தின்போது வங்கிகள் அவர்களுக்கான கடனைச் சுருக்கின. அவர்கள் தமது கடனாளிகளை நெருக்கினர். ஈடுவைத்த தென்னந்தோட்டங்களும் றப்பர்த் தோட்டங்களும் கைமாறின. செட்டியார்மீது எழுந்த கோபம் கடுமையானது. ஆயினும் அவருக்குப் போவதும் இருப்பதும் இலாப நட்டக் கணக்கின்பாற்பட்டன. முதலை ஒரு கரையிலிருந்து எடுத்து மறுகரையில் இடுவதற்கு எவரும் அவரிடம் ஐந்தாண்டுச் சேவைச் சான்று கேட்கவில்லை.

மறுபுறத்தே பேலியகொடையில், 1875 இல் நிறுவப்பட்ட வித்தியாலங்காரப் பிரிவேனாவை நோக்கலாம். பாளியும் சமஸ்கிருதமும் கற்பித்த அந்நிறுவனத்துக்கு 1927 இல் வட இந்தியாவிலிருந்து ராகுல சாங்கிருத்தியாயன் ஆசிரியராக வந்து சேர்ந்தார். 1930 இல் அங்கேயே துறவு பூண்டார். பின்னாளில் அவர் பொதுவுடைமையாளரானமை யாவரும் அறிந்ததே. 1936 இல் இந்தியின் மக்கள் கவிஞராகப் பின்னர் புகழ்பெற்ற நாகார்ஜுனும் அப்பிரிவேனாவுக்கு வந்து பிக்குவானார். ஆற்றின் வடகரையில் இந்திய அறிஞர் மரியாதையோடு வரவேற்கப்பட்ட அதே ஆண்டுகளில், தென்கரையில் இந்திய நாட்கூலியாளர் வெளியேற வேண்டியவராகக் கருதப்பட்டனர். அவ்வரவேற்பு போற்றுதற்குரியது, அதில் நாம் குறை காணவில்லை. நாம் சுட்ட விரும்புவது இதுதான்: அந்நியர் என்னும் சொல் பிறப்பிடத்தை மட்டும் குறித்ததாயின் மூவருக்கும் அது பொருந்தியிருக்க வேண்டும். நடைமுறையில் அது கைகளையன்றி வேறொன்றும் கொண்டுவராதவருக்கே பொருந்திற்று. இன முரண்பாடாகத் தோன்றியதன் உள்ளே வர்க்கம் இயங்கிய முறை இது.

5

1938 அளவில் மந்தத்தின் கடுமை தணிந்திருந்தது. ஆயினும் மந்தம் உருவாக்கிய அரசியல் தணியவில்லை. சர்வசன வாக்குரிமையின்கீழ் 1931 இல் தோன்றிய அரசாங்க சபையில், வேலையில்லாத் திண்டாட்டத்துக்குப் பதில்கூற வேண்டிய நிலையிலிருந்த அமைச்சர்கள், நிலவுடைமையையோ தோட்ட முதலையோ தொடாமல் வழங்கக்கூடிய ஒரே பதில் இந்தியத் தொழிலாளரை நீக்குவதாகவே இருந்தது. தொடர்பாடல், பொதுவேலைகள் அமைச்சராயிருந்த ஜோன் கொத்தலாவல இதில் முன்னின்றார்.

1939 இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் சாரம் வருமாறு. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளம் பெற்ற இலங்கையரல்லாதோருள், 1934 ஏப்பிரல் முதலாந் தேதிக்குப் பின் சேர்ந்தவர்கள், அதாவது ஐந்தாண்டுச் சேவை நிரம்பாதவர்கள், 1939 ஓகஸ்ட் முதலாந் தேதியிலிருந்து நிறுத்தப்படுவர். அதற்கு முன் சேர்ந்தவர்கள் அவ்வாண்டு முடிவதற்குள் தாமாக விலகிச் செல்ல இசைந்தால் அவர்களுக்கு இலவசப் பயணச் சீட்டும் சேவைக்கேற்ற பணிக்கொடையும் வழங்கப்படும். இசையாதவர் பின்னர் இவ்வுதவிகள் இன்றியே நிறுத்தப்படக் கூடும்.

சுயவிருப்பின் பேரிலான வெளியேற்றம் என்பது இதற்கு இடப்பட்ட பெயர். இச்சொற்றொடரைச் சற்று ஆராய்தல் தகும். இன்று போனாற் சிறுதொகை உண்டு, நாளை போனால் ஒன்றுமில்லை, நாளை போகவேண்டிவருமா என்பதை இன்று கூறமாட்டோம் என்று ஒருவரிடம் கூறிவிட்டு, அவர் எடுக்கும் முடிவை அவரது விருப்பம் எனல் எங்ஙனம் பொருந்தும்? தெரிவு என்ற வடிவம் இருந்தது. அதன் உள்ளடக்கம் பறிக்கப்பட்டிருந்தது.

மேலுமொரு சிக்கல் எழுந்தது. இந்தியத் தேசிய காங்கிரஸின் சார்பில் 1939 ஜூலையில் ஜவகர்லால் நேரு கொழும்பு வந்து அமைச்சர்களோடு பேசினார். பேச்சு அடிப்படையில் எதையும் மாற்றவில்லை. அவ்வருகையின்போதே, ஜூலை 25 ஆம் தேதி, இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. இந்திய அரசாங்கம் பதில் நடவடிக்கையாக, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை 1939 ஓகஸ்ட் முதலாந் தேதியிலிருந்து தடைசெய்தது. தன்மானத்தைக் காக்கும் நடவடிக்கை என இது வரவேற்கப்பட்டது. ஆயின் கொட்டாஞ்சேனை முடுக்கொன்றில் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளியின் நிலையிலிருந்து நோக்குமிடத்து, இத்தடை மறுவாயிலையும் அடைத்தது. அதுவரை அவர் வேலை குறைந்த மாதங்களில் ஊருக்குப் போய், வேலை பெருகும்போது மீண்டும் தலைமன்னார் வழியாகவோ தூத்துக்குடிக் கப்பலிலோ வந்துகொண்டிருந்தார். போவதும் வருவதுமான அந்த நெகிழ்ச்சியே மந்தத்தைத் தாங்க அவரிடமிருந்த ஒரே உபாயம். 1939 ஓகஸ்டுடன் அவ்வுபாயம் முறிந்தது. இனிப் போனாற் போனதுதான், இருந்தால் இருந்ததுதான். இரு அரசாங்கங்களின் கௌரவப் போட்டிக்கிடையில் அவரது நெகிழ்ச்சி பலியாயிற்று.

அதே ஓகஸ்ட் முதலாந் தேதியன்றே இலங்கை வங்கி திறந்துவைக்கப்பட்டது. 1934 இல் அமைக்கப்பட்ட வங்கி ஆணைக்குழுவின் விதப்புரைகளின் பயன் அது. செட்டியாரையும் ஐரோப்பிய வங்கிகளையும் நம்பியிராது உள்நாட்டு வணிக வர்க்கம் கடன்பெற வழி பிறந்த நாளும், நாட்கூலியாளர் வேலை நீக்கப்பட்ட நாளும் ஒன்றானமை தற்செயலே. ஆயினும் மந்தத்தின் முடிவில் எந்த வர்க்கம் எதைப் பெற்றது, எது எதை இழந்தது என்பதற்கு இத்தேதி நல்லதோர் அடையாளம்.

யார் போயினர், யார் இருந்தனர்? குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்த ஆடவர் போவது ஒப்பளவில் இயலுமாயிருந்தது. மலையாளத் தொழிலாளர் பலர் இவ்வகையினர். அவர்களது தொகை கொழும்பில் அடுத்து வந்த ஆண்டுகளில் அருகிற்று. மனைவி மக்களோடு நகரத்தில் வேரூன்றியவரோ பெரும்பாலும் இருந்தனர். மாநகரத் துப்புரவுத் தொழிலாளர் இதற்குத் தக்க உதாரணம். அவர்களது வேலைக்குப் போட்டியாளர் எவரும் வரவில்லை. சாதி அவ்வேலையை அவர்கள்மீது பூட்டியிருந்தது. தாயகத்திலும் அதே சாதி காத்திருந்தது. சிலர் நகரத்தை விட்டு மறுதிசையில், மலைநாட்டுக்குப் பெயர்ந்தனர். நடேசய்யரின் பெயர்வும் அத்திசையிலேயே அமைந்தது. கொழும்பிற் குணசிங்கவோடு முறிந்த பின் அவர் 1931 இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். நகரத்தில் தோற்ற இன ஐக்கியத்தை விட்டு அவர் போனமை தோட்டத் தொழிலாளருக்கு ஆக்கமாயிற்று. ஆயின் நகரத்துத் தமிழ்த் தொழிலாளர் தமது பத்திரிகையாளரை இழந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

6

போர் வந்தது. 1942 ஏப்பிரல் 5 ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதும் நகரத்தவர் திரள்திரளாக வெளியேறினர். இந்தியரும் கரை கடந்தனர். உயிரைக் காக்கப் போதல் இயல்பே. நிலைமை சீரானதும் திரும்பி வந்தோரும் உளர்.

இப் போக்குவரவுகள் அனைத்தும் 1949 இல் எண்ணிப் பார்க்கப்பட்டன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரைப் பொதுவாக வெளியே நிறுத்திய பின், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க வழிவகுத்தது. அதன் பிரதான நிபந்தனை இடையறாத வதிவு. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவர் ஏழாண்டுகளும் மணமாகாதவர் பத்தாண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும். ஒருமுறை பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்திருப்பின் வதிவு அறுந்ததாகும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேயே வதிந்தமையையும் காட்ட வேண்டும்.

இவ்வாண்டுகளைக் கணித்துப் பார்ப்போமாயின் சட்டத்தின் வர்க்க உள்ளடக்கம் புலனாகும். மணமானவருக்குக் கணக்கு 1939 இலிருந்து தொடங்குகிறது. மணமாகாதவருக்கு 1936 இலிருந்து. அதாவது வேலைநீக்கமும் தடையாணையும் விமானத் தாக்குதலும் நிகழ்ந்த ஆண்டுகளே சோதனைக் காலமாக அமைந்தன. அரசு தானே வெளியே தள்ளிய ஆண்டுகளில் வெளியே போகாதிருந்தமையைத் தொழிலாளர் நிரூபிக்க வேண்டியிருந்தது. வேலையின்றி ஊருக்குப் போய்ப் பதின்மூன்று மாதம் தங்கியவர் இந்நாட்டில் நிலையான அக்கறையற்றவர் ஆனார். கூலி போதாமையால் மனைவியை ஊரில் விட்டிருந்தவரும் அவ்வாறே. வறுமையின் விளைவுகள் யாவும் விசுவாசமின்மையின் சான்றுகளாக மாற்றப்பட்டன. இருந்தவருக்கும் இடர் இல்லாமலில்லை. பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத நாட்கூலியாளர், வாடகைச் சீட்டில்லாத முடுக்கில் வாழ்ந்தவர், பிள்ளையின் பிறப்பைப் பதியாதவர், தாம் இருந்தமையை எதைக்கொண்டு நிறுவுவார்?

எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சார்பிற் செய்யப்பட்ட விண்ணப்பங்களுள் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. எஞ்சியோரின் தலைவிதி 1964 ஒக்டோபர் 30 ஆம் தேதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரு அரசாங்கங்களாற் பங்கிடப்பட்டது. இன்னும் எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1930களின் மந்தம் எழுபது ஆண்டு நீண்டது என்று கூறின் அது மிகைக்கூற்றாகாது.

7

இவ்வரலாற்றில் இலக்கியம் எங்கே நின்றது என்ற வினா நம்மைப் போன்றோருக்குத் தவிர்க்கமுடியாதது. தோட்டத் தொழிலாளரின் துன்பம் தமிழிற் பதிவு பெற்றது. புதுமைப்பித்தன் 1930களில் 'துன்பக்கேணி'யை எழுதினார். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை 1940 இல் பாடற்றொகுதியொன்றை வெளியிட்டு, பாமர மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் அக்காலச் சட்டங்களைக் கண்டித்தார். ஆயின் கொட்டாஞ்சேனை முடுக்குகளிலும் வெள்ளவத்தை ஆலையிலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் நமது இலக்கிய வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை. ஈழத்து இலக்கியத்தை யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் எனப் பிரதேசங்களாக வகுத்த நமது முறையியல், பிரதேசமொன்றைச் சாராத இவர்களை இடைவெளியில் வீழ்த்திவிட்டது. முற்போக்கு விமரிசகர்களாகிய நாமும் இதற்குப் பொறுப்பாளிகளே.

இவ்விடுபாடு வெறும் ஏட்டுக் குறையன்று. நகரத்தில் இருப்பதற்குத் தமிழர் காரணம் காட்ட வேண்டும் என்னும் நினைப்பு இன்னும் அழியவில்லை. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர், தகுந்த காரணமின்றித் தங்கியிருப்பவர் எனக் கூறப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மத்திய மீன்சந்தையைச் சார்ந்து கொள்ளைநோய் பரவியபோது, தலைநகரக் கடைகளில் வேலைசெய்த மலையக இளைஞர் ஊர் திரும்புவதா, அடைபட்ட நகரத்திற் கூலியின்றி இருப்பதா என்று திகைத்தனர். போனவர் நோயைக் கொண்டுவருபவராகப் பார்க்கப்பட்டார், இருந்தவருக்கு உணவில்லை.

2022 இல் வினா மேலும் விரிந்தது. அவ்வாண்டில் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என அரசாங்கம் சுற்றறிக்கை விடுத்தது. 1939 இல் பிறநாட்டவர் எனப்பட்டவருக்குப் பயணச்சீட்டு. 2022 இல் சொந்த நாட்டவருக்கே விடுமுறைச்சீட்டு. இரண்டிலும் இயங்கும் தருக்கம் ஒன்றே: நெருக்கடியை உண்டாக்கியவர் இருக்க, உழைப்பவர் பெயர வேண்டும், பெயர்ந்த பின் அவர் அனுப்பும் பணம் நெருக்கடியைத் தீர்க்க வேண்டும். வேறுபாடு ஒன்றுண்டு. 1939 இல் சிங்களத் தொழிலாளி தமிழ்த் தொழிலாளி போவதாற் தமக்கு இடம் கிடைக்கும் என நம்பினார். 2022 இல் இருவரும் ஒரே விமான நிலையத்தில் ஒரே வரிசையில் நின்றனர்.

ஆகவே போனவரை இகழ்வதும் இருந்தவரைப் புகழ்வதும் நமது பணியன்று. நெருக்கடிக் காலத்தில் ஒருவர் எங்கே இருந்தார் என்பது எக்காலத்திலும் அவரது உரிமைக்கு எதிரான சான்றாகலாகாது என்னும் கோட்பாட்டை வலியுறுத்துவதே நமது பணி. 1949 ஆம் ஆண்டின் பன்னிரண்டு மாத விதி அக்கோட்பாட்டின் மறுப்பாக இருந்தது. வெளிநாடு போய்த் திரும்புவோரின் சேவைக்காலம், வாக்குரிமை, காணியுரிமை, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றை வரையறுக்கும் விதிகளை நாம் அக்கண்கொண்டு வாசிக்க வேண்டும். அதற்கு உதவும் வரலாறு களனியின் இரு கரைகளிலும் வாழும் மூன்றாந் தலைமுறைக் குடும்பங்களின் நினைவிலும், பாட்டன் பத்திரமாக வைத்திருந்த பழைய சீட்டுகளிலும் இருக்கின்றது. அவற்றைச் சேகரித்தல் நமது தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கூடிச் செய்யவேண்டிய வேலையாகும்.